அண்ணாமலைநகரில் சனி, ஞாயிறை எப்படிக் கழிப்பது?

புதுவரவு
இந்த ஆண்டுதான் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், பாதி விடுதி பையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குக் கிளம்பிவிடுகிறது. எனக்கு ஊர் தூரம், நினைத்தபோது போக முடியாது. சீனியர்களைக் கேட்டால் "நடராஜர் கோயிலைப் பார், பிச்சாவரம் போ" என்கிறார்கள். அதற்கப்புறம் என்றால், "பாண்டிக்கு பஸ் ஏறு". படிப்பு முடியும்வரை இதை வைத்தே ஓட்ட முடியாதே! என்னிடம் பைக் கிடையாது, கையில் காசும் அளவாகத்தான் இருக்கிறது. பாட்டு, நாட்டியம், பழைய கட்டடம், பறவை எதுவானாலும் சரி. இங்கே படித்தவர்களும் இந்த ஊர்க்காரர்களும் சொல்லுங்கள்.

பாண்டிபஸ்
பாண்டிக்கு பஸ் ஏறு.

பாண்டிபஸ்
விளையாட்டாகச் சொல்லவில்லை. சுமார் 65 கிலோமீட்டர், கடலூர் வழியாக நேர் பஸ். கடற்கரைச் சாலையில் நடக்கலாம், பழைய பிரெஞ்சுத் தெருக்களைச் சுற்றலாம், ராத்திரி திரும்பிவிடலாம். சிதம்பரத்தில் எட்டு மணிக்கு மேல் என்ன இருக்கிறது சொல்லுங்கள்?

வடக்குவீதி
எட்டு மணிக்கு மேல் கோயிலில் அர்த்தஜாமம், அன்றைய கடைசிப் பூசை இருக்கிறது. பத்து மணி வாக்கில், கூட்டம் கலைந்த பிறகு, அந்தப் பெரிய மணி அடிக்கும்போது ஒருநாள் உள்ளே நின்று பாருங்கள். சாமி நம்பிக்கை இல்லாத என் நண்பர்கள்கூட அந்த நேரத்துக்கு வருவார்கள்.

தம்பி, "கோயிலைப் பார்" என்று சொன்னவர்கள் எதைப் பார்ப்பது என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். சுமார் 40 ஏக்கர் வளாகம் அது. ஒரே சனிக்கிழமையில் பார்த்து முடிக்கப் பார்த்தால் கால்தான் வலிக்கும். ஒரு வாரத்துக்கு ஒரு மூலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் கிழக்குக் கோபுரம். எல்லாரும் அண்ணாந்து சுதைச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். நீங்கள் வாசல் நடையிலேயே நில்லுங்கள். இரண்டு பக்கமும் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஆடும் பெண் ஒருத்தி. அவைதாம் 108 கரணங்கள், அதாவது நடன நிலைகள். நாட்டிய சாஸ்திரத்தில் அந்தந்தக் கரணத்தை விளக்கும் சுலோகத்தையும் கிரந்த எழுத்தில் அங்கேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். கரணச் சிற்பங்கள் நான்கு கோபுரங்களிலும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஏறி முகங்கள் மழுங்கிப்போன கட்டங்கள் நிறைய. ஆனால் மடங்கிய முழங்காலும் தூக்கிய பாதமும் அப்படியே இருக்கின்றன. காலை வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்.

இன்னொரு வாரம் வடக்குக் கோபுரம். கிருஷ்ணதேவராயர் 1516இல் கலிங்கப் போர் வெற்றிக்குப் பிறகு கட்டுவித்தது என்று கல்வெட்டு சொல்கிறது. மாடம் ஒன்றில் அவர் சிலையும் உண்டு. எனக்குப் பிடித்தது அதைவிடச் சின்ன விஷயம். கோபுரம் கட்டிய சிற்பிகளையும் அங்கே செதுக்கிப் பெயரும் பொறித்திருக்கிறார்கள், அவர்களுடைய அளவுகோலோடு. கட்டுவித்த ராஜாவும் கட்டிய ஆசாரியும் ஒரே வாசலில் நிற்பதை வேறு எங்கே பார்ப்பீர்கள்?

அப்புறம் சிவகாமியம்மன் சந்நிதிக்குப் போனால் தலையைத் தூக்கி விதானத்தைப் பாருங்கள். நாயக்கர் காலத்து ஓவியங்கள். அங்கங்கே உதிர்ந்துபோயிருக்கின்றன, இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் சாயங்காலம் 5 மணி வாக்கில்தான் திறப்பார்கள். வெளியூரிலிருந்து ஒரு மணிக்கு வந்து இறங்குகிறவர்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வது இதில்தான். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அதுவும் ஒருவகையில் நல்லதுதான், கண்ணால் பார்ப்போம்.

பாண்டிபஸ்
அண்ணே, நீங்கள் கோயிலை மியூசியமாக்கிவிட்டீர்கள். ஆனால் விதானம், சிற்பி, சுலோகம் எல்லாம் வரலாறு படிப்பவர்களுக்குச் சரி. பொறியியல் படிக்கும் பையனுக்கு?

வடக்குவீதி
பொறியியல் படிக்கும் பையன் ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்க்கட்டும். இல்லாவிட்டால் நிருத்த சபைக்குப் போகட்டும், மண்டபத்தையே சக்கரமும் குதிரையும் வைத்துத் தேராகக் கட்டியிருக்கிறார்கள். யார் வேண்டாம் என்றது?

சுரபுன்னை
பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் மையத்தில் இருக்கிறேன். பிச்சாவரம் பற்றி யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர்தான், பேருந்து நிலையத்திலிருந்து பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது. போகும்போதே திரும்பும் பஸ்ஸின் நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லத்தில் சீட்டு வாங்க வேண்டும். அங்கே மோட்டார் படகா, துடுப்புப் படகா என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு துடுப்புப் படகு என்று சொல்லுங்கள். மோட்டார் படகு அகலமான நீர்ப்பரப்பில் ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும். காடு இருப்பது குறுகலான கால்வாய்களுக்குள். அங்கே துடுப்புதான் போகும். மரங்கள் இரண்டு பக்கமும் குனிந்து மேலே கூரை போட்டிருக்கும். படகுக்காரர் துடுப்பை நிறுத்தினால் சேற்றில் நண்டு நகரும் சத்தம்கூடக் கேட்கும்.

இது சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 2022இல் ராம்சர் சதுப்பு நிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்தார்கள். மூன்று மரங்களை அடையாளம் தெரிந்துகொண்டு போனால் பயணமே மாறிவிடும். தண்ணீர் விளிம்பில் வளைந்த தூண்கள்போல வேர்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்கும். பிறகு விழுந்து சேற்றில் குத்திக்கொள்ளும், அல்லது மிதந்துபோய் வேறிடத்தில் வேர் பிடிக்கும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் அது வெண்கண்டல். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வெளியே தலை நீட்டி மூச்சு விடும் வேர்கள் அவை. நீர் வற்றிய நேரத்தில்தான் அவற்றைப் பார்க்க முடியும்.

மூன்றாவது தில்லை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரே இதிலிருந்து வந்தது, ஆனால் மரத்தைப் பார்க்க இப்போது பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும். கிளையை ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டால் கொப்புளம். செல்ஃபிக்காகக் கிளையைப் பிடித்து இழுக்காதீர்கள். உதிர்வதற்கு முன் இலை செக்கச்செவேல் என்று சிவக்கும், அதை வைத்தே தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம்.

வழியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடி சிலர் எதையோ தேடுவதைப் பார்ப்பீர்கள். இருளர் மக்கள். வலை இல்லாமல் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள், பனையோலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு. இரண்டு கையும் வேலையில் இருப்பதால்தான் அப்படி. அவர்கள் வேலை செய்யும் இடத்தில் படகை நிறுத்தி முகத்துக்கு நேரே போனை நீட்டும் சுற்றுலாக்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தயவுசெய்து வேண்டாம்.

நேரம்: காலையில் படகு விட ஆரம்பித்த உடனே. ஞாயிறு பதினோரு மணிக்குப் போனால் காட்டைவிட வரிசைதான் நீளமாக இருக்கும். பறவைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலமும்கூட, புயல் எச்சரிக்கை வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள்.

கீழவீதிப்பெண்
சுரபுன்னை, அருமை. ஆனால் துடுப்புப் படகுதான் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அப்பா அம்மா பார்க்க வந்தால் வயதானவர்களுக்கு அந்தச் சின்னப் படகில் ஏறி இறங்குவதே சிரமம். வெயிலும் உறைக்கும். அவர்களுக்கு மோட்டார் படகே போதும்.

சுரபுன்னை
அது சரி. பெரியவர்களோடு போனால் மோட்டார்.

பழையமாணவன்_பர்மாவட்டம்
எம்.ஜி.ஆரின் இதயக்கனி படம் எடுத்த இடம் என்று ஒருவர்கூடச் சொல்லாமல் பிச்சாவரம் பற்றி இத்தனை வரி எழுதியது இந்த இழையில்தான் நடந்திருக்கும்.

கீழவீதிப்பெண்
இங்கே பதில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்று தெரிகிறது. அர்த்தஜாமம் பத்து மணிக்கு. நான் தங்கியிருக்கும் தனியார் பெண்கள் விடுதியில் எட்டு மணிக்கு வெளிக்கதவைப் பூட்டிவிடுகிறார்கள், சனிக்கிழமைக்கும் அதேதான். கேட்டால் "உங்கள் பாதுகாப்புக்குத்தான்" என்கிறார்கள். அதே தெருவில் பையன்கள் தங்கும் வீட்டுக்குப் பூட்டே கிடையாது. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கும் ஆகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் திரும்புகிற மாதிரி.

வடக்குவீதி
நியாயம்தான் அம்மா. அர்த்தஜாமத்துக்குப் பதிலாகக் காலை பத்து மணி வாக்கில் இரத்தினசபாபதிக்கு நடக்கும் தீபாராதனையைப் பாருங்கள். மாணிக்கத்தாலான நடராஜர், பின்பக்கம் தீபம் காட்டும்போது சிவப்பாக ஒளி ஊடுருவும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், கொஞ்சம் முன்னால் போய் இடம் பிடியுங்கள். அங்கிருந்து ஊரின் வடக்கு எல்லையில் இருக்கும் தில்லைக் காளி கோயிலுக்குப் போகலாம். சிவனோடு ஆடிய ஆட்டத்தில் தோற்ற காளியை எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன் கட்டியது. திரும்பும் வழியில் மதியச் சாப்பாட்டுக்குச் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சுவும். இட்லிக்குக் கொத்சு தொட்டுச் சாப்பிட்டவர்கள் சாம்பாரைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் தனி இழை திறக்கவும்.

தம்புரா
இசைக்கல்லூரியை எல்லாரும் மறந்துவிட்டது ஆச்சரியமாக இருக்கிறது. உங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது! 1929இல் பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்திலிருந்து வருவது. டைகர் வரதாச்சாரியார் முதல்வராக இருந்த இடம், தண்டபாணி தேசிகர் பாடம் சொன்ன இடம். தமிழில் பாடவேண்டும் என்று ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1941இல் மாநாடு கூட்டியதும் இதே அண்ணாமலைநகரில்தான். சென்னையில் தமிழ் இசைச் சங்கம் 1943இல் வந்தது அதற்கு அப்புறம்.

பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. கல்லூரி நடக்கும் நாட்களில் சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தால் ஒரு அறையில் வாய்ப்பாட்டு, இன்னொன்றில் வயலின், எங்கோ மிருதங்கம் என்று சாதகம் கேட்கும். மேடைக் கச்சேரியில் பிசகைக் கேட்க முடியாது. இங்கே ஒரு மாணவி ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்பப் பாடி, வழுக்கி, மறுபடி பிடிப்பதைக் கேட்கலாம். பாட்டு எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. யாரையாவது பழக்கம் பிடித்துக்கொண்டால் மாணவர் கச்சேரி எப்போது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். முன்வரிசையில் பத்துப் பேர் உட்கார்ந்தாலே பாடுகிறவர்களுக்குத் தெம்பு.

இதில் ஈடுபாடு வந்தால் ஒரு ஞாயிறு சீர்காழி போங்கள், கொள்ளிடம் தாண்டி சுமார் 20 கிலோமீட்டர். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை மூவருக்கும் மணிமண்டபம் இருக்கிறது. மூவருமே இந்தச் சுற்றுவட்டாரத்தோடு ஒட்டியவர்கள்தான். திருவாரூர் மும்மூர்த்திகளான தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரிக்கு முன்னால் தமிழில் கீர்த்தனை செய்தவர்கள். சம்பந்தர் பிறந்த ஊர் வேறு. ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். கீழவீதிப்பெண் குறித்துக்கொள்ளவும்.

புதுவரவு
இங்கே நடக்கும் நாட்டிய விழா, நாட்டியாஞ்சலி எப்போது? அதற்குச் சீட்டு வாங்க வேண்டுமா?

தம்புரா
மகா சிவராத்திரியை ஒட்டி, பிப்ரவரி அல்லது மார்ச்சில். 1981இலிருந்து நடக்கிறது. பரதம் மட்டுமில்லை, ஒடிசி, குச்சிப்புடி, கதக் எல்லாம் வரும். பார்க்கக் காசு கிடையாது. முன்பு கோயிலுக்குள் ஒன்றுதான், இப்போது உள்ளே ஒன்று, வெளியே தனி மேடையில் ஒன்று என்று இரண்டாகிவிட்டது. ஏன் பிரிந்தது என்ற விவகாரத்தை இங்கே கிளற வேண்டாம், இழை அதிலேயே முடிந்துவிடும்.

பாண்டிபஸ்
நடனம் தெரியாதவன் அங்கே என்ன பார்ப்பது?

தம்புரா
வடக்குவீதி சொன்ன கிழக்குக் கோபுரத்தை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். கல்லில் பார்த்த கால் மேடையில் வந்து விழும்போது நீங்களே பக்கத்தில் இருப்பவரை இடித்துக் காட்டுவீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் கொஞ்ச நேரம்தான், ஒன்று பிடிக்காவிட்டாலும் அடுத்தது வந்துவிடும். சின்னப் பிள்ளைகள் குழு வந்தால் எழுந்து போய்விடாதீர்கள். சலங்கை அவிழ்ந்தாலும் ஆட்டத்தை விடமாட்டார்கள், அதுவும் ஒரு அழகு.

செம்மண்சாலை
நான் கங்கைகொண்ட சோழபுரம் கட்சி. காட்டுமன்னார்கோயில், மீன்சுருட்டி வழியாக ஜெயங்கொண்டம் போகும் பாதையில் சுமார் 45 கிலோமீட்டர். ராஜேந்திர சோழன் தலைநகரம், 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தஞ்சாவூர் விமானம் நேர்கோடாக ஏறும், இது உள்வாங்கி வளைந்து ஏறும். இரண்டையும் பார்த்தவர்கள் இதற்குத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்பது என் கட்சி. வடக்குப் பக்கப் படிக்கட்டருகில் தன் அடியார் சண்டேசருக்குச் சிவன் பூமாலையைத் தலையில் சுற்றிக் கட்டும் சிற்பம். சண்டேசர் குனிந்து கைகூப்பி உட்கார்ந்திருப்பார். சிவனின் விரல்கள் மாலையை இழுத்துக் கட்டுவதை அப்படியே செதுக்கியிருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றால் நேரம் போவதே தெரியாது.

திரும்பும்போது லால்பேட்டையில் இறங்கி வீராணம் ஏரிக்கரையில் ஏறுங்கள். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டியது. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. 2004இலிருந்து சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்து போகிறது. நிரம்பிய காலத்தில் எதிர்க்கரை தெரியாது. கோடையில் போனால் சில வருடம் மாடு மேயும். அதனால் மழைக்கு அப்புறம் தை, மாசியில் போவது உத்தமம்.

பாண்டிபஸ்
இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மொத்தத்தில் கோயில், கோயில், ஏரி, கோயில். கடல் காற்று வாங்க வேண்டாமா?

சுரபுன்னை
கடலுக்குப் பாண்டி வரை ஏன் போகிறீர்கள்? பரங்கிப்பேட்டைக்கு வாருங்கள். வெள்ளாறு கடலில் சேரும் இடம், சாயங்காலம் படகுகள் திரும்பும் நேரம் பார்க்கலாம். போர்த்துகீசியர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் கடை விரித்த துறைமுகம். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட்டுக்கும் போர் நடந்ததும் இங்கேதான். எங்கள் மையத்தின் அருங்காட்சியகத்தைப் பார்க்க விரும்பினால் முன்கூட்டியே துறையில் கேட்டுக்கொண்டு வாருங்கள். முகத்துவாரத்தில் குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது.

பழையமாணவன்_பர்மாவட்டம்
ஒருநாள் முழுக்கக் கையில் இருந்தால் தரங்கம்பாடி. சீர்காழி வழியாகக் காரைக்கால் போகும் பஸ். 1620இல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டை கடலுக்கு நேர் எதிரே நிற்கிறது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கி, தமிழில் அச்சகம் வைத்த ஊர். பாண்டியில் இருக்கும் நெரிசல் இங்கே கிடையாது, கடல் அதே கடல்தான். வழியில் பூம்புகாரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். வேண்டாம், இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் பஸ் நிறுத்தத்தில்தான் பாதி நாள் போகும்.

செம்மண்சாலை
இந்தத் திட்டங்கள் எதற்கும் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை வரும் நாட்களை வைக்காதீர்கள். வெளியூர் போகவே வேண்டாம். தேரன்று மூலவரே கருவறையை விட்டு வீதிக்கு வருகிறார், ஐந்து தேர். பஸ்ஸையும் திருப்பி விட்டுவிடுவார்கள். விடிவதற்குள் கீழவீதிக்குப் போய் வடம் பிடிப்பவர்களோடு நின்றுகொள்ளுங்கள்.

வடக்குவீதி
ஒன்று விட்டுப்போனது. பல்கலைக்கழக வாசல் பக்கம் ராஜேந்திரன் சிலை இருக்கிறதே, தினமும் அதைத் தாண்டித்தான் போவீர்கள். 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர். உங்கள் வயதுதான். ஒரு சாயங்காலம் நூலகத்தில் உட்கார்ந்து அந்தக் காலத்தைப் பற்றிப் படித்துப் பாருங்கள், செலவில்லாத பொழுதுபோக்கு.

கீழவீதிப்பெண்
சனிக்கிழமை காலை துடுப்புப் படகுக்கு ஆள் சேர்க்கிறேன். படகு வாடகையைப் பிரித்துக்கொண்டால் ஒருவருக்குக் குறைவாகத்தான் வரும். இதுவரை நாங்கள் இரண்டு பேர். புதுவரவு, வருகிறீர்களா? சுரபுன்னை வந்து மரம் சொல்லிக்கொடுத்தால் அவருக்குப் பங்கு கிடையாது.

சுரபுன்னை
வருகிறேன். இந்தச் சனி வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு வெள்ளி இரவு உறுதி சொல்கிறேன். தொப்பியும் தண்ணீரும் கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் பையைப் படகில் ஏற்றாதீர்கள்.

புதுவரவு
நானும் உண்டு. அறைத் தோழன் ஒருவனையும் கூட்டி வருகிறேன், அவன் இந்த வாரம் ஊருக்குப் போகவில்லை.

பாண்டிபஸ்
ஒரு இடம் இருந்தால் எனக்கும் போட்டு வையுங்கள்.